முன் சில்லுக் காற்று

யூட் அண்ணையின் வலது கையை முறித்தவன் நான். அவருடைய மகளை அவரிடம் வந்து சேரவிடாமல் செய்தவனும் நான்தான்.

சொல்லிவிட்டேன்! ஐந்து வருஷமாகத் தொண்டையில் கிடந்த முள் இரண்டே வரியில் வெளியே வந்துவிட்டது. ஆனால் பாருங்கள்... வலி போன பாடாக இல்லை.

"கைதவறி நடந்த பிழைதானே, ஆருக்கும் வரும்" என்று நீங்கள் சொல்லக்கூடும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கைதவறி நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாம் தெரிந்து செய்தவை.

பாதிரியாரிடம் போய்ச் சொல்லலாமே என்றும் கேட்பீர்கள். நான் சைவன். பாவமன்னிப்புக் கூண்டுக்குள் முழந்தாளிட எனக்குப் பழக்கமில்லை. அப்படிப் போனாலும், இஞ்சை எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்தக் கோயில் வாசலில்தான் நிற்பார்கள். "கேதீஸ் என்னத்துக்கு உள்ளை போறான்?" என்று அன்றைக்கே பலேர்மோ முழுக்கக் கதை பரவிவிடும். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது. அதுதான் எனக்கு வசதி.

கிளிநொச்சியில் எனக்கு ஒரு டயர்க்கடை இருந்தது. கடை என்ன கடை... நாலு தகரம், ஒரு காற்றுப் பம்பு, ஒட்டுப்போடுகிற சாமான்கள். யுத்த காலத்தில் வன்னிக்குள் புது டயர் வராது. ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டுத்தான் லொறியும் உழவு இயந்திரமும் ஓடின. காற்று அளக்கிற மீற்றர் உடைந்து எத்தனையோ வருஷம். நான் காலால் ஒரு உதை உதைப்பேன். வருகிற சத்தத்தைக் கேட்டு, போதும் போதாது என்று சொல்லிவிடுவேன். என் காலை நம்பிச் சனம் ஓடியது. குண்டும் குழியுமான ரோட்டில், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றின வண்டிக்கு டயர் மெலிந்திருந்தால் நடுவழியில் நிற்கவேண்டியதுதான். ஆகவே இறுக்கி அடிப்பேன். கல்லுமாதிரி அடிப்பேன்!

2010இல் நான் இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே பெருமை அந்தக் கால்தான். வேறு என்ன இருந்தது? கடை இல்லை, ஊர் இல்லை, மனைவி அகதி முகாமில். துறைமுகத்தில் பெட்டி சுமந்தேன். படி கழுவினேன். "நீ என்ன வேலை செய்தனி?" என்று யாராவது கேட்டால், "நான் டயர்க்காரன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்.

அப்படி நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே மனிதர் யூட் அண்ணை.

அவர் மன்னார் ஆள். அப்போதே இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல். பலேர்மோவுக்கு வெளியே பகேரியாவில், எலுமிச்சைத் தோட்டத்தோடு பழைய மாளிகை வைத்திருந்த ஒரு சின்னோரேயிடம் சாரதி. சின்னோரே என்றால் ஐயா, அவ்வளவுதான். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. மாளிகையில் இன்னொரு ஆள் தேவைப்பட்டபோது, யூட் அண்ணை என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், "இவன் என்ரை தம்பி மாதிரி, சின்னோரா. நல்ல பெடியன்" என்று வீட்டம்மாவிடம் இத்தாலியனில் சொன்னார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவருக்கு நான் பெடியன்!

தோட்டம், மேசை, கழுவுதல், துடைத்தல் எல்லாம் என் வேலை. கார்கள் அவருடைய வேலை. பின்பக்கத்து அறை ஒன்றில் நான் தங்கினேன். அவர் பலேர்மோவில் வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு வீட்டில் இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் ரயிலில் வருவார்.

இனி அந்தக் காரைப்பற்றிச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் என் குற்றம் உங்களுக்கு விளங்காது.

சின்னோரே வாலிபத்தில் அமெரிக்கா போய், கார் செய்கிற ஒரு பட்டணத்தில் வேலை பார்த்தவர். திரும்பி வரும்போது ஒரு காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து பலேர்மோ துறைமுகத்தில் இறக்கினார். கோர்வேர் என்று பெயர். அறுபத்திரண்டாம் ஆண்டு வண்டி, வெளிர்நீலம். அமெரிக்கக் கார் என்றால் படகு மாதிரி நீளமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இது சின்னது. எஞ்சின் பின்னுக்கு. தண்ணீர் இல்லை, காற்றால் ஆறுகிற எஞ்சின். முன் மூடியைத் திறந்தால் பயணப்பெட்டி வைக்கத்தான் இடம். முதல்முதல் பார்த்தபோது, "எஞ்சினைக் களவெடுத்துப் போட்டாங்களோ!" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். யூட் அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில், யார் விருந்தாளி வந்தாலும் சின்னோரே அந்தக் காரின் சரித்திரத்தைத் தொடங்கிவிடுவார். வழக்கறிஞர் தோற்றுப்போவார், அப்படி வாதாடுவார். வந்த புதிதில் இதை எப்படிக் கொண்டாடினார்கள், புதுமை என்றார்கள், இளம் குடும்பங்கள் வாங்கின... பிறகு வளைவுகளில் புரண்டது, ஆட்கள் செத்தார்கள், வழக்குகள் வந்தன. ஒரு இளம் வழக்கறிஞர் புத்தகம் எழுதி, ஆபத்தான கார் என்று உலகத்துக்கே சொன்னார். காரைச் செய்த கம்பனி அவருக்குப் பின்னால் ஆள்விட்டு உளவு பார்த்தது. பிடிபட்டு, நாட்டின் சபைக்கு முன்னால் மன்னிப்பும் கேட்டது. அறுபத்தொன்பதில் கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குச் சில வருஷம் கழித்து அரசாங்கமே எடுத்துச் சோதித்துவிட்டு, அந்தக் காலத்து மற்றக் கார்களைவிட இது மோசமில்லை என்றது.

"யாருக்குக் காது கேட்டது? பழி விழுந்தால் விழுந்ததுதான்!" என்று சின்னோரே மேசையில் குத்துவார்.

கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார். முன்பக்கத்தைத் தாங்க ஒரு இரும்புத் தண்டு வைத்திருக்கவேண்டும். செலவைப் பார்த்து வைக்கவில்லை. அதற்குப் பதிலாக டயர்க் காற்றை நம்பினார்கள். முன் சில்லுகளில் பின் சில்லுகளைவிட நன்றாகக் குறைத்து அடிக்கவேண்டும். முன்னுக்கு மெலிவு, பின்னுக்கு இறுக்கம். அந்தக் கணக்குத்தான் காரை ரோட்டில் பிடித்து வைக்கிறது. ஆனால் வாங்கினவனுக்கும் தெரியாது, கராஜ்காரனுக்கும் தெரியாது. மெலிந்து கிடக்கிறதே என்று எல்லாரும் நாலு சில்லுக்கும் ஒரேயளவு அடித்தார்கள்...

இந்தக் கதையை நான் எத்தனை ஞாயிறு கேட்டிருப்பேன்! கோப்பை எடுக்கவும் வைன் ஊற்றவும் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேனே! எல்லாரும் சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்தேன். என் அரைகுறை இத்தாலியனில் பாதிதான் விளங்கியது. மற்றப் பாதியை விளங்கிக்கொள்ள நான் முயலவில்லை. காரைப்பற்றி ஒரு கிழவனிடம் நான் என்ன படிக்க இருக்கிறது என்ற நினைப்பு.

யூட் அண்ணையும் தமிழில் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் வேலைக்கு வந்த முதல் கிழமையே.

"தம்பி, இந்தக் காரின்ரை முன் சில்லு மெலிஞ்சுதான் கிடக்கும். அது அதின்ரை பழக்கம். நீ கைவைக்காதை, என்ன?"

"ஓம் அண்ணை."

ஓம் என்றேன். மனதுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? மனுசனுக்குக் குனிந்து காற்றடிக்கப் பஞ்சி, அதற்கு ஒரு சாட்டு என்று நினைத்தேன். என்னை ஒரு மனிதனாக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தவரைப்பற்றி அப்படி நினைத்தேன்.

இனி அந்த ஞாயிறு.

மொந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் புனித றோசலியா அம்மாவின் குகைக் கோயில் இருக்கிறது. பலேர்மோத் தமிழர் சைவம் கிறிஸ்தவம் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஏறுவோம். நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். கோயிலடியில் பார்த்தால் பாதி வன்னி, பாதி மன்னார். வீட்டுக்காரச் சின்னோராவும் மாதம் ஒருமுறை அந்தக் கோயிலுக்குப் போவார். யூட் அண்ணை ஓட்டுவார், நான் பின்சீற்றில் பூவும் மெழுகுதிரியும் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

அதற்கு முந்தின மாதம் கோயிலடியில் கார் நின்றபோது, எங்கள் ஊர்ப் பொடியன் ஒருத்தன் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்:

"டயர்க்கடை முதலாளி வந்திறங்கிற காருக்கு முன் டயர் ரெண்டும் படுத்துக்கிடக்குது! கேதீஸ் அண்ணை, காத்து ஊரோடை போச்சுதோ?"

சனம் சிரித்தது. பெண்கள்கூடச் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். ஆனால் அந்த மாதம் முழுவதும் அந்தச் சிரிப்பு என் காதிலேயே கிடந்தது.

அடுத்த முறை மலைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, யூட் அண்ணை பேர்மேசோ அலுவலாகக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குப் போயிருந்தார். வதிவிட அனுமதி அலுவல், வரிசையில் நின்றால் நாள் முழுக்கப் போய்விடும். காரைக் கழுவி வைக்கும்படி சின்னோரா என்னிடம் சொன்னார். கழுவினேன். துடைத்தேன். பிறகு முன் சில்லை உதைத்தேன்.

தொப் என்றது.

கராஜ் மூலையில் காற்றுப் பம்பு இருந்தது. நாலு சில்லுக்கும் ஒரேயளவு, இறுக்கமாக, வன்னியில் அடிக்கிறமாதிரி அடித்தேன். திரும்ப உதைத்தேன். டங்! அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம்... சொன்னால் வெட்கம். நாலு வருஷத்துக்குப் பிறகு நான் திரும்பவும் நானாக இருந்தேன்.

இதுவரைக்கும் நடந்தது முட்டாள்தனம். இதற்கு நீங்கள் மன்னிப்புத் தந்தால் நான் வாங்கிக்கொள்வேன். மிச்சத்தைக் கேளுங்கள்.

ஞாயிறு காலை மலை ஏறும்போதே யூட் அண்ணையின் முகம் மாறியது. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டிப் பார்த்தார். முன்சீற்றில் அவருக்குப் பக்கத்தில் சின்னோரா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"கேதீஸ், ஸ்டியரிங் ஏதோ லேசாக் கிடக்கிற மாதிரி இருக்கு."

நான் மடியில் இருந்த பூவைச் சரிசெய்தேன்.

"முன் சில்லுக்குக் காத்துக் கீத்து அடிச்சனியே?"

நிலைக்கண்ணாடியில் அவருடைய கண் என்னைப் பார்த்தது. கோபமே இல்லை. சும்மா கேட்டார். "ஓம் அண்ணை" என்று நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? காரை ஓரமாக நிற்பாட்டியிருப்பார். இறங்கி, வால்வை அமத்திக் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டிருப்பார். "உனக்குச் சொன்னால் கேக்கமாட்டாய், எருமை" என்று ஒரு ஏச்சு. அவ்வளவுதான்! இரண்டு நிமிஷ அலுவல்.

"இல்லையண்ணை" என்றேன்.

ஏன்? எத்தனை தரம் என்னை நானே கேட்டுவிட்டேன்! அந்த எருமை என்ற ஏச்சுக்குப் பயமா? சின்னோராவுக்கு முன்னால் மானம் போகும் என்றா? இல்லை... அவர் சொன்னது சரி, நான் செய்தது பிழை என்று ஆகிவிடும் என்ற எரிச்சல்தான். டயர் விஷயத்தில் எனக்கு ஒருத்தர் சொல்வதா!

"அப்ப றோட்டுத்தான் வழுக்குது போலை" என்று அவர் சொல்லிவிட்டு ஓட்டினார். என் சொல்லை அவர் நம்பினார்.

கோயிலடியில் அந்தப் பொடியன் நின்றான். டயரைப் பார்த்துவிட்டு, "ஆ... இப்பதான் கார் மாதிரிக் கார்!" என்றான். நான் சிரித்தேன். யூட் அண்ணை அப்போது உள்ளே மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார்.

எதற்கு அந்தத் திரி என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா. அவளுக்கு மூன்று வயதில் அவர் புறப்பட்டு வந்தவர். இரண்டு தரம் போய்ப் பார்த்ததோடு சரி. மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிட்டு எடுப்பதற்கு நிரந்தர வேலை வேண்டும், சட்டப்படி அளவான வீடு வேண்டும். வேலை ஒப்பந்தம் சின்னோரேயிடம் இருந்தது. வீட்டுக் கடதாசி நகரசபையிலிருந்து வரவேண்டும், அது வந்ததும் விண்ணப்பம் போடவேண்டியதுதான் மிச்சம். ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆவதற்குள் போடவேண்டும். பதினெட்டு ஆனால் இந்த நாட்டுக்கு அவள் பிள்ளை இல்லை. அன்றைக்கு ஸ்டெல்லாவுக்குப் பதினேழரை.

இறங்கும்போது மூன்றாவது வளைவு. வேகமில்லை... நான் சத்தியம் செய்வேன், வேகமே இல்லை! எதிரே ஒரு மோட்டார்சைக்கிள் நடுவாக ஏறி வந்தது. யூட் அண்ணை ஒரு வெட்டு வெட்டினார். மெலிந்த முன் சில்லாக இருந்திருந்தால் முன்பக்கம் சோம்பலாகத்தான் திரும்பியிருக்கும். அந்தச் சோம்பல்தான் பின்பக்கத்தைக் காப்பாற்றுவது. என் டயர் உடனே கடித்துத் திரும்பியது. பின்னால் எஞ்சின் பாரம் வெளியே வீசியது. எனக்குக் கீழே பின் சில்லு உள்ளுக்கு மடங்கியதை என் உடம்பால் உணர்ந்தேன். கார் எழும்பி, மதிலில் இடித்து, பக்கவாட்டில் படுத்தது.

சின்னோராவின் தோள் எலும்பு முறிந்தது. அவர் தெருவில் விழாமல் இருக்க யூட் அண்ணை வலது கையைக் குறுக்கே போட்டிருந்தார், அந்தக் கை மணிக்கட்டில் நொறுங்கியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் மடியில் சின்னோரா தந்த கோயில் பூ அப்படியே இருந்தது!

அடுத்தநாள் காலை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில். காரைக் கட்டி இழுத்து வந்து கராஜில் விட்டிருந்தார்கள். காப்புறுதிக் கடதாசியை எடுத்து வரும்படி சின்னோரே என்னை அனுப்பினார். காருக்குள் முன்சீற்றுக்கு எதிரே இருக்கிற சின்னப் பெட்டியைத் திறந்தேன். பழைய அமெரிக்கக் கையேடு ஒன்று கடதாசிகளோடு வந்தது. எழுத்துக் கூட்டி இங்கிலீசு வாசிப்பேன். யாரோ பேனாவால் கோடு கீறி வைத்திருந்த பக்கம் தானாகத் திறந்தது. டயர்க் காற்று. முன்: 15. பின்: 26.

பக்கத்தில் யூட் அண்ணையின் கையெழுத்து, தமிழில்: "மறக்காதே."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மேசையில் கேட்ட கதை, சிரித்த சிரிப்பு, "அதின்ரை பழக்கம்"... எல்லாம்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஓடிப்போய்ச் சின்னோரேயிடம் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? நான் என்ன செய்தேன் தெரியுமா? கராஜ் கதவைச் சாத்தினேன். முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினேன். வால்வு மூடியைக் கழற்றி, நகத்தால் அமத்தினேன். ஸ்ஸ்ஸ் என்று காற்று வந்தது. மீற்றர் பிடித்துப் பார்த்தேன். பதினைந்து. மற்றப் பக்கமும் பதினைந்து. பின் சில்லு ஒன்று வளையத்தை விட்டுக் கழன்று கிடந்தது. மற்றதை இருபத்தாறுக்கு இறக்கினேன். கை நடுங்கவே இல்லை. நல்ல தொழில்காரன் நான்.

ஒருவேளை நீங்கள் கேட்கலாம், உன்னைக் காப்பாற்றத்தானே செய்தாய், யூட்டுக்குக் கெடுதல் செய்ய நினைத்தாயா என்று. நினைக்கவில்லை. ஆனால் தெரியாதா எனக்கு? காற்றுச் சரி என்றால் பழி எங்கே போகும்? ஒன்று காரின் தலையில், அல்லது ஓட்டினவன் தலையில். அந்த வீட்டில் காரின் தலையில் பழி விழவே விழாது என்பது எனக்குத் தெரியும்.

அப்படித்தான் நடந்தது. காப்புறுதி ஆள் வந்து அளந்தார். நானே பக்கத்தில் நின்று மீற்றரைப் பிடித்துக் கொடுத்தேன்! "சரியாக இருக்கிறது" என்று எழுதினார். சின்னோரே தொப்பியைக் கழற்றி, காரின் நீல நெற்றியைத் தடவினார்.

"பார்த்தாயா? இந்த முறையும் இதில் பிழை இல்லை" என்றார்.

அந்தக் கிழவருக்குக் கண் கலங்கியது. ஊர் உலகம் பழி சொன்ன ஒரு காரை வாழ்நாள் முழுக்க நிரபராதி என்று வாதாடினவர். அவருக்குப் பக்கத்தில், உண்மையிலேயே நிரபராதியான ஒரு மனிதனுக்காக வாதாட ஒருத்தரும் இல்லை. இருந்த ஒரே சாட்சி மீற்றரைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

யூட் அண்ணையின் வேலை போயிற்று. சின்னோரேயின் மகன்மார் அவரைத் திரும்ப வீட்டுக்குள் விடவில்லை. வீட்டுக் கடதாசி அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. வீடு சரி, ஒப்பந்தம் இல்லை! முறிந்த கையோடு எந்தச் சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை கேட்பது? எட்டு மாதம் கை சரிவரவில்லை. அந்த எட்டு மாதத்துக்குள் ஸ்டெல்லாவுக்குப் பதினெட்டு ஆனது. அன்றைக்கு அவர் எனக்கு ரெலிபோன் எடுத்து, "இண்டைக்குப் பிள்ளையின்ரை பிறந்தநாள், கேதீஸ்" என்றார். நான் "வாழ்த்துச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

பிறகு வுச்சீரியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை கிடைத்து, மனைவியை மட்டும் இங்கே எடுத்தார். மகள் மன்னாரில், சித்தி வீட்டில்.

என்னைக் கேட்கிறீர்களா? சாரதி வேலை எனக்குக் கிடைத்தது. ஒப்பந்தமும் கிடைத்தது. அதைக் காட்டித்தான் என் மனைவியைக் கூப்பிட்டேன். விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது, பக்கத்தில் பூச்செண்டோடு நின்றவர் யூட் அண்ணை. இடதுகையால் பிடித்திருந்தார். என் மனைவிக்கு இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. "அந்த அண்ணை மாதிரி ஒரு சீவன் இல்லை" என்று அடிக்கடி சொல்லுவாள். சொல்லும்போதெல்லாம் நான் எழும்பி வெளியே போவேன்.

சின்னோரே போன வருஷம் காலமாகிவிட்டார். காரைத் திருத்தி எடுத்து, கடைசிவரை அதன் கதையைச் சொல்லிக்கொண்டே போனார். அந்தக் கதையின் முடிவில் மொந்தே பெல்லெக்ரீனோ விபத்தையும் சேர்த்திருந்தார். "காற்று அளந்தோம், சரியாக இருந்தது. சாரதியின் பிழை" என்பார். நான் வைன் ஊற்றுவேன். இப்போதும் கார் என் பொறுப்பில் இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை மீற்றர் பிடிக்கிறேன். 15, 26. காலால் உதைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

அந்த விபத்துக்குப் பிறகு யூட் அண்ணை ஞாயிறுகளில் வெறுங்காலோடு மலை ஏறத் தொடங்கினார். சின்னோராவின் தோளை முறித்த பாவத்துக்கு நேர்த்தி என்றார். அவரோடு நானும் ஏறுகிறேன். என்னால் வேறு என்ன செய்யமுடியும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். நானும் செருப்பைக் கழற்றிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து, "கேதீஸ்தான் உண்மையான சிநேகிதன். கஷ்டத்திலை கைவிடேல்லை" என்று சொல்கிறார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நடக்கிறேன்!

ஒவ்வொரு முறையும் பழைய கல்வழி அந்த வளைவு ரோட்டைத் தொடுகிற இடத்தில் வாயைத் திறப்பேன். "அண்ணை..." என்பேன். "என்னடாப்பா?" என்பார். "தண்ணி வேணுமோ?" என்று கேட்பேன். ஐந்து வருஷமாகத் தண்ணீர்ப் போத்தலைத்தான் நீட்டுகிறேன்.

போன ஞாயிறு, அந்த இடத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். மதிலில் கையை ஊன்றிக்கொண்டார். அந்த வலது கை இப்போதும் சரியாக மடங்காது.

"கேதீஸ், உன்னட்டை ஒண்டு சொல்லவேணும். கனநாளா மனசுக்கை கிடக்குது."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு கணம் எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் கூட இருந்தது. அவராகச் சொல்லட்டும், அடிக்கட்டும், காறித் துப்பட்டும்...

"அண்டைக்கு மலை ஏறேக்கை உன்னைக் கேட்டனான், காத்தடிச்சனியோ எண்டு. நீ இல்லையெண்டனி. ஆனா எனக்கு அதுக்குப் பிறகும் உன்னிலை ஒரு சந்தேகம் இருந்தது. ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை முழுக்க உன்னைத்தான் நினைச்சுத் திட்டினன். இவன்தான் டயரிலை கைவைச்சவன், இவன்தான் என்ரை பிள்ளையைக் கெடுத்தவன் எண்டு... பிறகு அந்த ஆள் அளந்து சரி எண்டு எழுதினதைக் கேட்டு எனக்கு வெக்கமாப் போச்சு. என்ரை பிழையை உன்ரை தலையிலை கட்டப் பாத்தன். நீயோ எண்டால் ஒவ்வொரு ஞாயிறும் என்னோடை வெறுங்காலோடை நடக்கிறாய்."

அவருடைய கண் நிறைந்திருந்தது.

"என்னை மன்னிச்சுக்கொள், தம்பி. உன்ரை வாயாலை ஒருக்கா சொல்லு. அப்பத்தான் எனக்கு இந்த மலை ஏறின பலன்."

இதோ, இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

கீழே ஊரும் கடலும் தெரிந்தன. ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். "அண்ணை, நான்தான்" என்ற இரண்டு சொல்லும் நாக்கில் வந்து நின்றன... நின்றன...

"பறவாயில்லை அண்ணை" என்றேன். "நான் மன்னிச்சிட்டன்."

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு என் தோளில் கையை வைத்தார். முறிந்த அந்தக் கையை. அதை அப்படியே தாங்கிக்கொண்டு மிச்ச வழியை ஏறினேன்.

நாளைக்கு மறுபடியும் ஞாயிறு. விடிய ஆறரைக்கு மலையடியில் நிற்கும்படி சொல்லியிருக்கிறார். வாறன் என்று சொல்லியிருக்கிறேன்.